குடல் காசநோயா, கிரோன் நோயா?

மாதக்கணக்கில் விட்டுவிட்டு வயிற்றுவலி, அடிக்கடி பேதி, அவ்வப்போது காய்ச்சல், காரணம் புரியாமல் குறைந்துகொண்டே போகும் எடை. இத்தனையும் சேர்ந்து வந்தால் நம் நாட்டு மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது குடல் காசநோயை. அதே அறிகுறிகளோடு, பெரும்பாலும் குடலின் அதே இடத்தில் வரும் இன்னொரு நோய் உண்டு. அதுதான் கிரோன்.

இந்தக் குழப்பத்துக்கு நூறாண்டு வயது. காசநோய் போலவே தோன்றினாலும் அதன் கிருமி இல்லாத குடல் அழற்சியைப் பற்றி 1913-லேயே ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சியல் எழுதினார். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகியோர் 14 நோயாளிகளை முன்வைத்து இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அகர வரிசையில் முதலில் நின்றவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

என்ன நடக்கிறது?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் குடலையே தாக்குவதால் வருவது கிரோன். மரபணுவுக்கும், குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும், சூழலுக்கும் இதில் பங்கு உண்டு. இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. காரம் தின்றதாலோ கவலைப்பட்டதாலோ வந்ததும் அல்ல. புகைபிடித்தால் நோய் தீவிரமாகும் என்பது மட்டும் உறுதி.

வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் இது வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். புண் தொடர்ச்சியாக இல்லாமல் இடைவெளி விட்டுத் திட்டுத்திட்டாக இருக்கும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துச் செல்லும். அதனால்தான் சிலருக்குக் குடல் சுருங்கி அடைத்துக்கொள்கிறது. சிலருக்குப் பௌத்திரம் வருகிறது. மூட்டுவலி, கண் சிவத்தல், வாய்ப்புண் ஆகியவையும் கூடவே வரலாம். பிள்ளைகளுக்கு வளர்ச்சி தடைப்படுவதே முதல் அறிகுறியாக இருப்பதுண்டு. அறுத்தும் ஆறாத, திரும்பத் திரும்ப வரும் பௌத்திரத்தை மூலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே சோதனையில் விடை கிடைக்காது. ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் எனும் அழற்சிப் புரதத்தின் அளவு, கொலனோஸ்கோபி, சதைத் துணுக்குச் சோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும். அப்போதும் பிரித்தறிய முடியாவிட்டால், இந்தியாவில் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். சில மாதம் கழித்து மீண்டும் கொலனோஸ்கோபி செய்வார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய்; ஆறாமல் இருந்தால் கிரோனாக இருக்கும் வாய்ப்பே அதிகம். இந்தக் காத்திருப்பு நோயாளிக்கு எரிச்சலூட்டும். ஆனால் கிரோன் என்று எண்ணி அவசரமாக ஸ்டீராய்டு கொடுத்து, இருப்பது காசநோயாக இருந்துவிட்டால் அது உடலெங்கும் பரவக்கூடும்.

சிகிச்சை

கிரோனை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. தீவிரமாகும்போது ஸ்டீராய்டு உடனடி நிவாரணம் தரும். ஆனால் அது எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீண்ட நாளுக்கு ஆகாது. நீண்ட காலத்துக்கு அசதயோபிரின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை தரப்படுகின்றன. 1998-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் ஊசி சிகிச்சையின் போக்கையே மாற்றியது. இதைத் தொடங்கும் முன், உடலில் காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடைப்பு, பௌத்திரம் முற்றினால் அறுவை சிகிச்சை தேவைப்படும். அதன் பிறகும் நோய் திரும்பலாம். ஆனாலும் வாழ்க்கை அதோடு முடங்கிவிடுவதில்லை. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1956 ஜூனில் இந்த நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த நவம்பரிலேயே மீண்டும் தேர்தலில் வென்றார்.

நோயோடு வாழ்வது

எல்லோருக்கும் பொருந்தும் பத்தியம் என்று ஒன்று இல்லை. குடல் சுருங்கியவர்கள் முருங்கைச் சக்கை, கீரைத்தண்டு, பழத்தோல் போன்ற நார் மிகுந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது. மற்றபடி யாரோ சொன்னார்கள் என்று பாலையும் பருப்பையும் ஒரேயடியாக நிறுத்தினால் மெலிந்த உடம்பு இன்னும் மெலியும். பி12, இரும்புச்சத்து அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் திருமணமும் தாய்மையும் சாத்தியமே. ஆனால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கேடு.

பேதியும் வலியும் நின்றதும் மருந்தை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. வெளியே அறிகுறி இல்லாதபோதும் உள்ளே அழற்சி தொடரலாம். ஆகவே நலமாக உணரும் நாளிலும் மருந்தை விடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் பேதி நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, கூச்சப்படாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்.