வாக்குரிமை இல்லாத தலைவர்

ஆகாயத்தில் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலத்துக்கு மேலுள்ள வானம் சொந்தம். பாரிஸில் கிளம்பும் விமானம் டோக்கியோ போய்ச் சேர்வதற்குள் பல அரசுகளின் வானத்தைக் கடந்தாக வேண்டும். அவை ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி ஒரு சமிக்ஞையும் ஒரு விதியும் வைத்துக்கொண்டால் விமானியின் பாடு என்னவாகும்! இதை உணர்ந்த 52 நாடுகள், இரண்டாம் உலகப் போர் ஓயுமுன்பே, 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோ நகரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பயனாக 1947இல் பிறந்ததே ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் அகில உலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த இதன் தலைமையகம் கனடாவின் மான்ட்ரியால் நகரில் உள்ளது. இன்று 193 நாடுகள் இதில் அங்கம் வகிக்கின்றன.

இந்நிறுவனத்தின் ஆட்சிக்குழுவுக்கு 1976 முதல் 2006 வரை, முப்பது ஆண்டுகள், தலைவராக இருந்தவர் அஸாத் கொட்டெய்ட். லெபனான் நாட்டின் ஹாஸ்பையா என்னும் ஊரில் 1924இல் பிறந்தவர். விமானத்துறை என்றதும் விமானியையும் பொறியாளரையுமே நாம் நினைக்கிறோம். இவர் பயின்றதோ சட்டம். பாரிஸில் டாக்டர் பட்டம் பெற்றார். 1956இல் தம் நாட்டின் பிரதிநிதியாக ஆட்சிக்குழுவில் அமர்ந்தார். 1970இல் நிறுவனத்தின் பொதுச் செயலாளரானார்.

தலைவர் என்றால் அதட்டி ஆணையிடுபவர் என்று எண்ணிவிடலாகாது. சிகாகோ ஒப்பந்தப்படி ஆட்சிக்குழுத் தலைவருக்கு வாக்குரிமையே இல்லை! மூன்றாண்டுக்கு ஒருமுறை அவரைத் திரும்பத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவரிடம் படையுமில்லை, சிறையுமில்லை. ஒரு விதியைப் பின்பற்ற இயலாத நாடு, அதை எழுதித் தெரிவித்துவிட்டுத் தன் வழியில் போகலாம். ஆகவே பேசிப் பேசி இணங்க வைப்பது ஒன்றுதான் அவருக்கு வழி. கூடியவரை வாக்கெடுப்புக்கு விடாமல் கருத்தொற்றுமை காண்பதே கொட்டெய்ட்டின் முறை.

அம்முறைக்குப் பெருஞ்சோதனை 1983 செப்டம்பர் 1ஆம் நாள் வந்தது. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோல் சென்ற கொரியப் பயணிகள் விமானம் வழிதவறிச் சோவியத் வான் எல்லைக்குள் நுழைந்தது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். வேவு பார்க்க வந்த விமானம் என்றது சோவியத் யூனியன். படுகொலை என்றது அமெரிக்கா. இவ்விரு தரப்பினரும் மான்ட்ரியாலில் ஒரே கூரையின் கீழ் அமர வேண்டியதாயிற்று. எட்டு மாதம் சென்றபின், 1984 மே 10ஆம் நாள், பறக்கும் பயணிகள் விமானத்தின்மீது ஆயுதம் பிரயோகிக்கலாகாது என்ற திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆனால் அது சட்டமாக 102 நாடுகளின் ஒப்புதல் வேண்டும். அதற்குள் 1988 ஜூலை 3ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தியது. 290 உயிர்கள் பலியாயின. திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1998 அக்டோபரில்தான். பதினான்கு ஆண்டுகள்! பேசி இணங்க வைக்கும் வழி நீண்ட வழி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கொரிய விமானம் ஏன் வழிதவறியது? ரஷ்யா ஒப்படைத்த பதிவுக் கருவிகளை ஆராய்ந்து 1993இல் ஐ.சி.ஏ.ஓ. விடை கண்டது. தானாக விமானத்தைச் செலுத்தும் கருவி, குறித்த பாதையைப் பின்பற்றாமல் ஒரே திசையைப் பிடித்தபடி சென்றிருக்கிறது. விமானிகள் அதைக் கவனிக்கவில்லை.

கொட்டெய்ட் காலத்தின் மற்றொரு பெரிய காரியம் 1999இல் தொடங்கிய பாதுகாப்புத் தணிக்கை. பள்ளிக்கு ஆய்வாளர் வருவதைப்போல, பல நாட்டு வல்லுநர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் சென்று, அங்குள்ள அரசு விமானப் பாதுகாப்பைச் சரிவரக் கண்காணிக்கிறதா என்று பார்க்கிறார்கள். தன்மானம் மிக்க அரசுகள் இதற்கு இசைந்ததே வியப்பு!

கொட்டெய்ட் 2014இல் மான்ட்ரியாலில் காலமானார். அவர் ஒரு காலத்தில் வகித்த பொதுச் செயலாளர் பதவியில் 2015இல் முதன்முறையாக ஒரு பெண் அமர்ந்தார். சீனாவைச் சேர்ந்த ஃபாங் லியூ என்ற அவரும் சட்டம் பயின்றவரே.