கத்தலேகான் சேங்கொட்டை மரம்

சேங்கொட்டையைத் தமிழ்நாட்டு விவசாயிகளில் அறியாதார் சிலரே. வைத்தியர் அதைச் சுத்தி செய்து மருந்துகளிற் சேர்ப்பர். அதன் கரிய சாற்றினால் துணிகளுக்குக் குறியிடுவது முற்காலத்தில் வண்ணார் வழக்கம். மாவும் முந்திரியும் அடங்கிய குடும்பத்தையே அம்மரமும் சார்ந்தது. அதன் இனத்தில், அதுவரை சாஸ்திர நூல்களிற் பெயர் பெறாதிருந்த ஒரு பெருமரம், கர்நாடக ராஜ்யத்து வட கன்னட ஜில்லா சித்தாப்பூர் தாலூகாவைச் சேர்ந்த கத்தலேகான் காட்டிற் காணப்பெற்றது. தாசப்பா, சுவாமிநாத் என்னும் இருவர் 2000-ம் ஆண்டில் அதை விவரித்து, 'செமிகார்ப்பஸ் கத்தலேகானென்சிஸ்' என்று பெயரிட்டனர். கன்னடத்தில் 'கத்தலே' என்பது இருளையும், 'கான்' என்பது காட்டையும் குறிக்கும்.

வளரும் இடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஓடைகள் தோன்றும் பள்ளங்களில் நீர் வற்றாது நின்று கருஞ்சேறாகிறது. இச்சேற்றில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் அடர்ந்து வளர்வதால், இவற்றை ஜாதிக்காய்ச் சதுப்புகள் என்பர். சேற்றில் வேர்களுக்குக் காற்றுக் கிடைப்பது அரிது. ஆதலின் சில மரங்கள் அடிமரத்தினின்று முட்டுக்கொடுத்தாற்போல் வேர்களை இறக்கும். வேறு சில, முழங்கால்போல் மடங்கிய வேர்களைச் சேற்றுக்கு மேல் எழுப்பும். புதிய சேங்கொட்டை மரம் இவற்றோடு கலந்து நிற்கிறது.

புதுவகை என்று நிச்சயித்தல்

ஒரு மரத்தை முன்பு கண்டதில்லை என்று கூறுவது மட்டும் போதாது. இலை, பூ, காய் இவற்றுடன் கூடிய கிளையை உலர்த்தி, முன்னரே பெயர் பெற்ற உறவு மரங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு வேற்றுமைகளைக் காட்டவேண்டும். ஆதார மாதிரியைத் தாவர மாதிரிச் சாலையில் வைக்கவேண்டும். 2011-ம் ஆண்டு முடியும் வரை, லத்தீன் மொழியில் வருணனை எழுதுவதும் கட்டாயமாயிருந்தது.

அருகிப்போனதன் காரணம்

இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பனையைப்போல் ஆண் மரம் பூப்பதோடு நின்றுவிடும். பெண் மரமே காய்க்கும். ஆண் மரம் வெட்டுண்டு பெண் மரம் தனித்து நின்றால் விதைக்கு வழியில்லை. விதையும் உலர்த்திச் சேமிக்கத்தக்கதன்று. உலர்ந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். இவ்விரண்டினும் பெரிய காரணம் நிலமாற்றமே. வற்றாத நீரும் மக்கிய தழையும் உள்ள பள்ளம் நெல்லுக்கும் பாக்குக்கும் ஏற்றது. ஆகையால் தலைமுறை தலைமுறையாகச் சதுப்புகள் வடிகால் வெட்டப்பட்டு வயலும் தோட்டமுமாயின. எஞ்சியவை சிறு துண்டுகளே.

விவசாயிகள் கவனிக்கத்தக்கவை

சதுப்பை அழிப்பதன் நஷ்டம் மரத்தோடு நிற்பதில்லை. மழைக்காலத்து நீரை ஏற்று, கோடையிற் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுவது அச்சேறே. தலைப்பில் வடிகால் வெட்டினவர் ஒரு தோட்டம் பெறலாம். கீழேயுள்ள பாக்குத் தோட்டங்களும் வயல்களுமோ, கோடையில் நீர் குறைந்து வருந்த நேரிடும். ஆதலின் ஓடைத்தலையில் உள்ள ஈரநிலத்துக்குச் சாகுபடி மனுக் கொடுக்கப்படுமிடத்து, கீழ்ப்பாசனக்காரர்களின் நிலைமையையும் விசாரித்தறிவது கிராம அதிகாரிகளுக்குத் தக்கதாகும்.

சிர்சியிலுள்ள வனவியல் கல்லூரியார் இம்மரத்தின் விதைகளை எடுத்து நாற்றங்காலில் கன்றுகளாக்கி, சதுப்புகளில் நட்டுவருதல் பாராட்டத்தக்கது. இதனினின்று விவசாயிகள் அறியத்தக்க முறை ஒன்றுண்டு. ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளை வெயிலிற் காயவைத்தல் ஆகாது. விழுந்த சில தினங்களுக்குள், ஈரம் மாறாமுன், நிழலான பாத்தியில் ஊன்றவேண்டும். சேங்கொட்டை இனத்தின் பால் தோலிற் பட்டால் கொப்புளம் உண்டாகுமாதலால், காய்களைக் கையாளுவோர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நலம்.