மன்னாருக்கு வரும் மலையேறிகள்

மன்னார் தீவில் மலை கிடையாது, குன்றுகூட இல்லை. தலைமன்னாரிலிருந்து தாம்போதி வரை தரை கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே படுத்துக் கிடக்கிறது. பனையும் பெருக்கமரமும்தான் இங்கே உயரம். ஆனால், வாடைக்காற்று தொடங்கும் காலத்தில் உலகின் மிக உயர்ந்த மேட்டுநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்து இறங்குகிறார்கள். பேசாலையில் கரைவலை இழுபடும்போது மேலே வட்டமிட்டுக் கத்துபவர்களும், கரைதிரும்பும் வள்ளங்களை விடாமல் துரத்துபவர்களும் அவர்களே. பழுப்புத்தலைக் கடற்காகம் என்பது அவர்களின் பெயர்.

இங்கே அவற்றைப் பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாததுபோலத் தோன்றும். குளிர்காலத்தில் தலை வெள்ளையாகவே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் தெரியும். பழுப்பு முகமூடி இனப்பெருக்கக் காலத்துக்கான அலங்காரம். பங்குனி வாக்கில் அது முளைக்கத் தொடங்கினால் பறவை புறப்படத் தயாராகிறது என்று கொள்ளலாம். போகும் இடம் மத்திய ஆசியாவின் மேட்டுநிலங்கள்: பாமீர், லடாக், திபெத், சிங்காய். அங்குள்ள ஏரித்தீவுகளிலும் சதுப்புகளிலும் அவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. லடாக்கின் சோ மொரிரி ஏரி அவற்றுள் ஒன்று. அதன் நீர்மட்டமே கடலிலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியைப் போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு.

அந்த உயரத்தில் உயிர் வாழ்வது ஏன் கடினம்? காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் 21 வீதம்தான், அது குறைவதில்லை. குறைவது காற்றின் அழுத்தம். மேலே போகப் போகக் காற்று ஐதாகிறது. 5,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கடற்கரையில் கிடைப்பதில் பாதி. எவரெஸ்ட் உச்சியான 8,849 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மன்னார்க் கரையில் நிற்கும் ஒருவரைத் திடீரென்று அந்த உச்சியில் கொண்டுபோய் விட்டால் சில நிமிடங்களில் நினைவிழப்பார்.

அதனால் மலையேறிகள் காலத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறார்கள். 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரான ஜயந்தி குரு உதும்பாலவும் அப்படித்தான் போனார். அடிவாரத்தில் வாரக்கணக்கில் தங்குவது, மேல்முகாமுக்கு ஏறுவது, மறுபடி கீழே வருவது என்று உடலைப் பழக்குவார்கள். மூச்சு ஆழமாகும், சிவப்பணுக்கள் பெருகும். அதற்கு மேலும் முதுகில் ஒட்சிசன் கலன் வேண்டும். அவரோடு சென்ற யொஹான் பீரிஸுக்கு அந்த ஆண்டு உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே திரும்ப நேர்ந்தது. 2018இல் மீண்டும் போய் வென்றார். கலன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறலாம் என்பதையே 1978இல்தான் மெஸ்னர், ஹேபலர் என்ற இரு மலையேறிகள் உலகுக்குக் காட்டினார்கள்.

மலையேறி சில வாரங்களில் செய்வதை மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் செய்திருக்கிறார்கள். சோ மொரிரிக் கரையில் கோர்சோக் என்றொரு கிராமம் உண்டு. அதைச் சுற்றிய புல்வெளிகளில் சாங்பா என்னும் நாடோடி இடையர்கள் ஆடுகளையும் யாக் மாடுகளையும் மேய்க்கிறார்கள். யாக் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம், வெண்ணெயும் உப்பும் சேர்ந்த தேநீர், வறுத்த வாற்கோதுமை மா, புல் முடிந்ததும் அடுத்த வெளிக்கு இடப்பெயர்வு. இதுதான் அவர்கள் வாழ்க்கை. கடுங்குளிரில் ஆட்டின் மேல்மயிருக்கு அடியில் வளரும் மென்மயிரைக் கோடை தொடங்கும்போது சீவி எடுக்கிறார்கள். உலகம் முழுவதும் விலைபோகும் பஷ்மினா அதுதான்.

இம்மக்களின் இரத்தத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. சமவெளி மனிதர் உயரத்தில் நெடுநாள் தங்கினால் சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகி, இரத்தம் தடித்து, இதயத்துக்குச் சுமையாகிவிடும். சாங்பாக்களைப் போன்ற திபெத்திய வம்சத்தவருக்கு அது பெரும்பாலும் நேர்வதில்லை. ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு தனி வடிவம் அந்தப் பெருக்கத்தை அடக்கி வைக்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அந்த வடிவம் அழிந்துபோன தெனிசோவன் என்ற பழைய மனித இனத்தோடு ஏற்பட்ட கலப்பினால் வந்தது என்று 2014இல் தெரியவந்தது. மறைந்துபோன ஓர் இனத்தின் சொத்து இன்றைய இடையரின் உடலில் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பறவைக்கு மலையேறியின் பழக்கமும் வேண்டாம், கலனும் வேண்டாம். உடலின் அமைப்பே அதற்குத் துணை. நாம் இழுத்த மூச்சு போன வழியே திரும்புகிறது; அதனால் நுரையீரலில் புதுக்காற்றும் பழங்காற்றும் எப்போதும் கலந்தே இருக்கும். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் பல இணைந்திருக்கின்றன. அவை கொல்லன் துருத்திபோல விரிந்து சுருங்கி, காற்றை நுரையீரலின் ஊடாக ஒரே திசையில் செலுத்துகின்றன. உள்ளே வந்த காற்று முழுதாக வெளியேற இரண்டு சுவாசச் சுற்றுகள் ஆகும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இது மலைப்பறவைக்கு மட்டும் வாய்த்த வரம் அல்ல. 1968இல் வான்ஸ் டக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஊர்க்குருவிகளையும் எலிகளையும் 6,100 மீட்டர் உயரத்துக்குச் சமமான மெல்லிய காற்றில் வைத்துப் பார்த்தார். எலிகள் துவண்டு கிடந்தன, குருவிகளோ பறந்தன. நம் வீட்டுக் கூரையில் கூடுகட்டும் குருவிக்கே இந்தத் திறன் இருந்தால் இமயத்தில் பிறந்த கடற்காகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்காகத்தோடு அதே ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்து இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதன் ஈமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஒட்சிசனை இறுகப் பற்றும். அதன் பறப்புத் தசைகளில் நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. மெல்லிய காற்றில் பறப்பதில் இரட்டைச் சிக்கல் உண்டு: மூச்சுக்கு ஒட்சிசன் குறைவு, சிறகைத் தாங்கவும் காற்று போதாது. உயரமாக ஏறி அப்படியே நேர்கோட்டில் போவதுதான் எளிது என்று நாம் நினைப்போம். அந்த வாத்துகளின் உடலில் கருவி பொருத்திச் செய்த ஆய்வு 2015இல் வெளியானபோது வேறு கதை தெரிந்தது. அவை மலைச்சரிவை ஒட்டி ஏறுகின்றன, பள்ளத்தாக்கு வந்ததும் அடர்ந்த காற்றுக்கு இறங்குகின்றன, மீண்டும் ஏறுகின்றன. ஏறிய உயரத்தை விட்டுக்கொடுப்பதே அங்கே சிக்கனம். அந்த ஆய்வில் பதிவான அதிக உயரம் 7,290 மீட்டர்.

மன்னாருக்கு வரும் எல்லாரும் இமயத்து ஆட்கள் அல்லர். கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பறவையியலாளர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் பிடித்து, கருவி பொருத்தி விட்ட ஹியூக்ளின் கடற்காகம் ஒன்று 2021இல் வட துருவ வட்டத்து ரஷ்யா வரை போனது. மத்திய ஆசிய வான்பாதையின் தென்கோடியில் இருப்பதால் மன்னார் இவர்களுக்கெல்லாம் தங்குமிடம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இடையே மணல்திட்டுகள் வேறு. இறங்கினால் ஆழமில்லாக் கடலும் உப்பங்கழியும் சேற்றுவெளியும் காத்திருக்கின்றன.

மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சோ மொரிரி அதற்கு முன்பே 2002இல் சேர்ந்துவிட்டது. ஒரு பறவையின் இரண்டு வீடுகளும் காகிதத்தில் காப்பாற்றப்பட்டுள்ளன. நிலத்தில் நிலை வேறு. லடாக்கில் சுற்றுலாவோடு பெருகிய தெருநாய்கள் தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. மன்னாரில் 2020 முதல் 30 காற்றாலைகள் தென்கரையில் சுழல்கின்றன. மேலும் கட்டும் திட்டங்கள் பெரும் சர்ச்சையாகியிருக்கின்றன. இமயத்தை உயரத்தில் தாண்டிய பறவை, இரை தேடும் இடத்துக்கும் இரவு தங்கும் இடத்துக்கும் நடுவே தாழ்வாகவே பறக்கும். ஆலைகளின் இறக்கைகளும் மின்கம்பிகளும் இருப்பது அந்த உயரத்தில்தான்.

காற்றிலிருந்து மின்சாரம் வேண்டாம் என்பதல்ல வாதம். எந்த இடத்தில், பறவைகளின் எந்த வழியை விட்டு ஒதுங்கி என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கைத் தூண் நட்ட பிறகல்ல, நடுவதற்கு முன்பே போட வேண்டும். வங்காலையின் சேறு வற்றினால் சோ மொரிரி ஏரியிலும் கூடுகள் குறையும்.