பிக்சல் கணக்கும் பாக்கெட் கணக்கும்



"கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்டா... எதை வாங்கலாம்?" ஹாஸ்டல் வராண்டாவிலும் கேன்டீன் பெஞ்சிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்டவுடன் ஒருவன் ஒரு மாடல் நம்பரைச் சொல்வான். இன்னொருவன் "அதெல்லாம் வேஸ்ட் மச்சான்" என்று வேறொரு நம்பரைச் சொல்வான். ஆனால் உன் மானிட்டர் என்ன, போர்டு என்ன, எஸ்.எம்.பி.எஸ். என்ன என்று யாரும் கேட்பதில்லை! வீட்டில் ஒருமுறைதான் பணம் தருவார்கள். அந்த ஒருமுறையில் தப்பான கார்டை வாங்கிட்டா, அடுத்த வாய்ப்பு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகுதான். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

முதலில் பிக்சலை எண்ணுவோம்

1080பி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். 1440பி திரையில் 36,86,400. 4கே திரையில் 82,94,400. ஆக 1440பி என்பது 1080பி-யைப் போல 1.78 மடங்கு, 4கே என்பது சரியாக 4 மடங்கு. விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தைப் போட கார்டுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்டுதான். 4கே-யில் அது விநாடிக்கு ஏறத்தாழ 50 கோடி பிக்சல்களுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும்!

அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது கார்டை அல்ல, திரையை. 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற 450 வாட் ராட்சசன்கள் 4கே-க்காகவே பிறந்தவை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் அல்லவா? 27 அங்குலத் திரையில் 1440பி என்பது அங்குலத்துக்கு 109 பிக்சல். மேஜைக்கு முன் உட்கார்ந்து விளையாட அது தாராளம்.

கார்டுதான் குற்றவாளியா?

கேம் திணறினால் உடனே கார்டைத் திட்டுகிறோம். ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள், காசே செலவில்லை. அதே கேமை, அதே இடத்தில், ரெசல்யூஷனை மட்டும் குறைத்து ஓட்டுங்கள். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் பாரம் கார்டின் மேல்தான். புதுக் கார்டு பலன் தரும். எண்ணிக்கை அப்படியே நின்றால்? திணறுவது பிராசஸர்! அப்போது எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் "போட்ட பணம் எங்கே போச்சு?" என்று கேட்க வேண்டியதுதான். பெரிய திரைக்குப் போகும்போது பிராசஸரின் வேலை அதிகம் கூடுவதில்லை, கார்டின் வேலைதான் கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடோனும் ரோடும்

மெமரி விஷயத்தில் இரண்டு அளவுகள் உண்டு. எத்தனை ஜிபி என்பது குடோனின் அளவு. எத்தனை பிட் பஸ், எவ்வளவு வேகம் என்பது குடோனுக்குப் போகும் ரோட்டின் அகலம். கணக்கு சுலபம்: பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து மெமரி வேகத்தால் பெருக்குங்கள். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டுக்கு 192 ÷ 8 × 15 = விநாடிக்கு 360 ஜிபி. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கார்டுக்கு 128 ÷ 8 × 17 = 272 ஜிபி.

"என்னடா இது, புதுசுக்கு ரோடு குறுகிப் போச்சே!" என்கிறீர்களா? அதில் சிப்புக்குள்ளேயே 24 எம்பி கேஷ் வைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள். 8 ஜிபிக்குள் அடங்கும் கேம்களில் பெரும்பாலும் 4060-தான் முந்துகிறது. அடங்காவிட்டால்தான் வம்பு!

4கே படம் ஒன்றுக்குத் தேவை வெறும் 33 எம்பிதான். குடோனை நிரப்புவது டெக்ஸ்ச்சர்களும் இடைக்கால பஃபர்களும். குடோன் நிரம்பிவிட்டால் மிச்சச் சரக்கு கம்ப்யூட்டரின் சாதாரண ராமில் தங்கும். அங்கிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகத்தான் வரணும். 4060-க்கு 8 லேன்தான் உண்டு. பழைய பிசிஐ 3.0 போர்டில் அந்த வழி விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. 272 எங்கே, 8 எங்கே! சராசரி வேகம் நன்றாகக் காட்டினாலும், நடுநடுவே படம் 'டக்' என்று நின்று நின்று போவது இதனால்தான்.

இன்னொரு எச்சரிக்கை. 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் பிறகு வந்தது. பெயர் ஒன்று, சரக்கு வேறு! பெட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

பவர் = வோல்ட் × ஆம்பியர்

முதலாண்டில் படித்ததை இங்கே பயன்படுத்துவோம். எஸ்.எம்.பி.எஸ். மேல் பெரிதாக "450" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட், அவ்வளவுதான்! கார்டும் பிராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். பிராசஸருக்கு 100 வாட், ஃபேன், டிஸ்க்குகளுக்கு 40 வாட் என்று வைத்தால்:

4060: 115 + 140 = 255 வாட்
3060: 170 + 140 = 310 வாட்
இன்டெல் ஆர்க் பி580: 190 + 140 = 330 வாட்

216-ல் எதுவுமே நிற்காது. கண நேரத்துக்குக் கார்டு இதைவிட அதிகமாகவும் இழுக்கும் என்பதால் கொஞ்சம் மிச்சம் வைத்தே கணக்குப் போடணும். "எட்டு பின் ஒயர் இல்லையா? கன்வெர்ட்டர் தரேன், மாட்டிக்கோ" என்று கடையில் சொன்னால் உஷார்! எட்டு பின் கனெக்டர் 150 வாட் வரை, அதாவது 12.5 ஆம்பியர் கடத்தும். மெல்லிய ஒயரில் அவ்வளவு கரண்ட் போனால் ஒயர் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். புது எஸ்.எம்.பி.எஸ். விலையையும் கார்டு விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

அப்போ எதை வாங்குவது?

75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 (2019), பிசிஐ 3.0 போர்டு என்று ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். 1080பி-யிலேயே தொடர்ந்தால் 4060 போதும், கரண்ட்டும் மிச்சம். 1440பி-க்குப் போய் டெக்ஸ்ச்சரையும் உயர்த்தி வைக்க ஆசைப்பட்டால் 16 லேனும் 12 ஜிபியும் உள்ள 3060 நிம்மதி. 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580-க்கும் 12 ஜிபி உண்டு, ரோடு 456 ஜிபி. ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் இருந்தால்தான் அது முழுசா ஓடும்.

4கே ஆசை விடவில்லையா? டிஎல்எஸ்எஸ், எப்எஸ்ஆர் இருக்கின்றன. 4கே-யில் டிஎல்எஸ்எஸ்-ஸை 'குவாலிட்டி' நிலையில் வைத்தால் கார்டு உள்ளே வரைவது 1440பி படத்தைத்தான்; அதைப் பெரிதாக்கித் தருகிறது. டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். எப்எஸ்ஆர்-ன் 2021 முதல் பதிப்பு நம்ம பழைய 1650-லும் ஓடும். ஆகவே புதுக் கார்டு வாங்கும் முன், இருக்கும் கார்டிலேயே இதைப் போட்டுப் பாருங்கள். திருப்தியா இருந்தால் பணம் மிச்சம்!

செகண்ட் ஹேண்ட் வாங்குவோருக்கு: 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் நாணயத்துக்குக் கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று அர்த்தமில்லை. ஆனால் ரிச்சி தெருவோ உள்ளூர்க் கடையோ, அரை மணி நேரம் கேம் ஓட்டி, சூடு, ஃபேன் சத்தம், திரையில் புள்ளி எல்லாம் பார்த்துத்தான் வாங்கணும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் போலிப் பெயர் ஒட்டிய பழைய கார்டுகளும் மாட்டிக்கொள்ளும். பில்லும் வாரண்டியும் கேட்க வெட்கப்படாதீர்கள்.

திரை, பரிசோதனை, மெமரி, ஸ்லாட், பவர். இந்த ஐந்தையும் பார்த்த பிறகே மாடல் நம்பர். டிப்ளமோ படிக்கிற நாமே லேபிளைப் படிக்காமல் வாங்கினால், வேறு யார்தான் படிப்பது நண்பர்களே? கணக்குப் போடுவோம்... பிறகு கடைக்குப் போவோம்!