பருப்பு வேகாத தண்ணீர்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்?



திண்டுக்கல்லில் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும் காவிரியிலிருந்தும் முறை வைத்து வருவது "நல்ல தண்ணீர்". அதைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்துக்கொள்கிறோம். போரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறி, குளியலறையிலும் அடுப்படியிலும் குழாயைத் திறந்ததும் கொட்டுவது "உப்புத் தண்ணீர்". நல்ல தண்ணீர் தீர்ந்துபோன நாளில் சமைக்கவும் குடிக்கவும்கூட இதுவே கதி.

இந்தத் தண்ணீரைப் பற்றித் தாய்மார்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "இதைக் குடித்ததால்தான் என் வீட்டுக்காரருக்குக் கல்லடைப்பு வந்ததா?" "பிள்ளைக்குக் கொதிக்க வைத்தால் வெள்ளையாய்ப் பொடி மிதக்கிறதே, கொடுக்கலாமா?" இந்தப் பயத்தினால் சிலர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதையே விட்டுவிடுகிறார்கள். சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

தண்ணீர் ஏன் கடினமாகிறது?

மழைத்துளியில் சுண்ணாம்பு இல்லை. அது மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசாகப் புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு, பாறையையும் சுக்கான் கல்லையும் மெல்ல மெல்லக் கரைத்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. இவை மிகுந்த தண்ணீரே கடின நீர். திண்டுக்கல்லின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் விரிசல்களில் தண்ணீர் நீண்ட காலம் தங்குவதால் கரைவதும் கூடுகிறது. போதாததற்கு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் நகரைச் சுற்றிப் பல இடங்களில் நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது.

2012-ம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரவிதிப்படி, ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

வீட்டில் அது செய்யும் வேலை

சோப்புப் போட்டால் நுரை வராது. சோப்பு முதலில் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாகிவிடுகிறது. சுண்ணாம்பு தீர்ந்த பிறகே நுரை எழும். அந்தத் திரி துணியில் படிவதால்தான், ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளை வேட்டி நாலு சலவைக்குள் மங்கிப்போகிறது. தலைமுடி பிசுபிசுப்பதும் அதனால்தான்.

பருப்பு வேகாது. தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. அடுப்பு கூடுதல் நேரம் எரிகிறது, கேஸும் சீக்கிரம் தீர்கிறது. இதற்காகச் சிலர் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுவார்கள். பருப்பு வெந்துவிடும், ஆனால் அதிலுள்ள பி-1 வைட்டமின் பெருமளவு அழிந்துபோகும். பருப்பை இரவே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரிலேயே வேகவைப்பதே சிறந்தது.

வாட்டர் ஹீட்டரின் காயில் மேல் சுண்ணாம்பு ஓடுபோல் படிகிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்குவதால் மின்சாரம் வீணாகிறது, கடைசியில் காயிலும் எரிந்துபோகிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திற்கு இவையெல்லாம் சிறிய நஷ்டங்கள் அல்ல.

சரீரத்திற்கு என்ன செய்கிறது?

உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. காரணம் எளிது. கால்சியமும் மெக்னீசியமும் நமக்கு வேண்டிய சத்துக்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் கிடைப்பது 200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது.

கல்லடைப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டிப்படுவது. நம் ஊர் வெயிலில் வேர்வையாகவே எவ்வளவோ போய்விடுகிறது. "உப்புத் தண்ணீர்" என்று பயந்து நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறவருக்கே கல் வரும் வாய்ப்பு அதிகம். ஒருமுறை கல் வந்தவர், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது நல்லது. இருதய நோயாளிகளும் சிறுநீரகம் பழுதானவர்களும் மாத்திரம் தங்கள் மருத்துவர் சொல்லும் அளவைக் கைக்கொள்ள வேண்டும்.

கொதிக்க வைக்கும்போது மிதக்கும் வெள்ளைப் பொடி, தண்ணீரைவிட்டு வெளியேறிய சுண்ணாம்புதான். அதாவது, அந்த அளவுக்குத் தண்ணீர் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். படிய விட்டுத் தெளிவை மொண்டுகொள்ளுங்கள். கொதிக்க வைப்பதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் கொண்டுவரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாதவை

உண்மையில் பயப்பட வேண்டியவை படிவதுமில்லை, ருசிப்பதுமில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பற்களில் கறை விழும். அளவு மிக அதிகமாகிப் பல வருடங்கள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டினால், புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து. இவ்விரண்டையும் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. பரிசோதனை ஒன்றே வழி.

வீட்டு வாசலில் வந்து மெஷின் விற்பவர்கள், தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவதுண்டு. தண்ணீர் பழுப்பாய்க் கலங்கும். பார்த்தவர்கள் நடுங்கிப்போய்க் கடன் வாங்கியாவது மெஷின் வாங்குவார்கள். அந்தப் பழுப்பு, இரும்புக் கம்பியே கரைந்து வருவது. தண்ணீரின் அழுக்கு அல்ல. அவர்கள் கையிலிருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். கிருமியையோ ஃபுளோரைடையோ அது தனித்துக் காட்டாது.

மருத்துவமனையில் மாத்திரம் ஏன் இத்தனை கவனம்?

"டம்ளரில் தீங்கில்லை என்றால், டயாலிசிஸ் பிரிவில் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் குடிக்கும் தண்ணீருக்குக் குடல் ஒரு வாசல்காவலன். வேண்டிய கால்சியத்தை உள்ளே விட்டு மற்றதைத் தள்ளிவிடும். டயாலிசிஸில் அந்தக் காவலன் இல்லை. நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் திரவம், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு மறுபுறம் நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. தண்ணீரை மென்மையாக்கும் கருவி பழுதானால் கால்சியம் நேரே இரத்தத்தில் ஏறி, வாந்தியும் தலைவலியும் கடும் இரத்த அழுத்தமும் உண்டாகும். இந்த "கடின நீர் நோய்" பற்றி 1967-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகவே மருத்துவமனைக் கணக்கில் தண்ணீர் சுத்திகரிப்பு என்ற வரியைக் காணும்போது, அது ஆடம்பரம் அல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவோர், அதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மிகுதியாக இருந்தால் வேறு தண்ணீருக்கு மாறுங்கள், அல்லது அப்போது ஆர்.ஓ. மெஷின் வாங்குவது தகும். அதிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. குடிக்கும் தண்ணீர், குமிழிகள் நன்றாக எழும்பிய பின் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும்.

3. கெட்டிலில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரைமணி நேரம் விட்டுக் கழுவினால் கரைந்துவிடும்.

4. உப்புப் போட்டு இயங்கும் மென்னீர்க் கருவி துணிக்கும் குளியலுக்கும் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. 500 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுதும் நீக்கினால், இரண்டு லிட்டரில் ஒரு கிராமுக்கும் மேற்பட்ட உப்புக்குச் சமமான சோடியம் சேரும்.

5. மொட்டைமாடியைச் சுத்தம் செய்து, முதல் மழையை விட்டு, அடுத்த மழையைப் பிடித்து வையுங்கள். பருப்பு வேகவும் வெள்ளைத் துணி துவைக்கவும் அதற்கு நிகரான தண்ணீர் இல்லை.

உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வெள்ளைப் பொடியைக் கண்டு பயந்து அடுப்பை அணைத்த ஒரு தாய் மறுபடியும் தண்ணீர் கொதிக்க வைத்தால், ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வராமலே தப்பும்.