குடிவழியும் மனவரைபடமும்

பாட்டனார் பெயரைக் கேட்டால் நம்மில் எவரும் சொல்லிவிடுவோம். பாட்டனாருடைய தந்தையார் பெயரைக் கேட்டால் சற்றுத் தயங்குவோம். அதற்கும் மேலே ஒரு படி ஏறச் சொன்னால், “அதெல்லாம் ஊரிலிருக்கும் பெரியவர்களுக்குத்தான் தெரியும்” என்று நழுவிவிடுவோம். அந்தப் பெரியவர்களோ ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படி நழுவியவன்தான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். சோழ மன்னர் குடிவழியைப் பார்க்காமலே கரும்பலகையில் எழுதுவேன். என் குடிவழியில் மூன்றாம் படிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பின்பு வந்த ஒரு கடிதம்தான் என்னை இந்த வேலையில் இழுத்து விட்டது.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் வாழும் ஓர் அம்மையார், வட ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதம் அது. அவர் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மையாருடைய கொள்ளுப்பாட்டனார் 1902-ஆம் ஆண்டில் சென்னையில் கப்பலேறியவராம். அவருடைய பதிவின் படியும் உடன் இருந்தது. “இவருடைய உறவினர் யாரேனும் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்களா?” என்பதுதான் கேள்வி.

அந்தப் பதிவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது 1860 நவம்பர் 16-ஆம் நாள். அது முதல் 1911 வரையில், இடையே சில ஆண்டுகள் நின்றிருந்தது நீங்கலாக, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அங்கே போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடல் அடையாளம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஆளை இன்னாரென்று அறிவதற்காக ஆட்சியாளர் எழுதி வைத்தது, இன்று பேரப்பிள்ளைகள் ஊரைத் தேடுவதற்குப் பயன்படுகிறது.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு மெய் சிலிர்த்துப்போயிற்று. எங்கள் வீட்டில் ‘கப்பல் தாத்தா’ என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு உண்டு. என் பாட்டனாருக்கு அண்ணன், தம் பங்கு நிலத்தை விற்றுப் பணமாக்கிக்கொண்டு சீமைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பதிவில் இருந்த பெயரும் என் பாட்டனாரின் அண்ணன் பெயரே. அந்தப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரில் இன்றும் அதே பெயரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். வயது 22. ஊரும் பொருந்தியது. அன்றிரவே, “ஆம், அம்மா, நாங்கள்தான்” என்று எழுத உட்கார்ந்தேன். தந்தை பெயர்தான் பொருந்தவில்லை. எழுத்தரின் பிழையாக இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் வரலாற்று ஆசிரியனாக இருந்த பழக்கம் பேனாவைப் பிடித்து நிறுத்தியது.

முதலில் எல்லாரும் செய்வதுபோல் ஒரு மரம் வரைந்தேன். மேலே முன்னோர், கீழே மக்கள். நம் குடும்பங்களுக்கு மரம் எளிதில் ஒத்துவருவதில்லை. என் பாட்டி என் பாட்டனாருக்கு அக்காள் மகள். ஆகவே அவளை மரத்தில் இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருந்தது: ஓரிடத்தில் மருமகள், மற்றோரிடத்தில் மனைவி. மாமன் மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்த குடும்பத்தில் கிளைகள் பிரிந்து போவதோடு திரும்பி வந்து பின்னிக்கொள்ளவும் செய்கின்றன. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மரத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அது உறுதிப்பட்ட செய்தியாகவே தோன்றுகிறது. பத்திரத்தில் கண்டதும், பாட்டி சொல்லக் கேட்டதும், நாமே ஊகித்ததும் அங்கே ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்தச் சிக்கலில் இருந்தபோதுதான் என் பேத்தியின் பாடக் குறிப்பேட்டைப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் ‘நீர்’ என்று எழுதி வட்டமிட்டிருந்தாள். அதிலிருந்து நாலாபுறமும் வளைந்து செல்லும் கோடுகள். கோடுகளின்மேல் ஒவ்வொரு சொல். அவற்றிலிருந்து சிறு கோடுகள். “இது என்னடி, எட்டுக்கால் பூச்சியா?” என்றேன். “மனவரைபடம், தாத்தா. பாடத்தைப் படித்து இப்படித்தான் எழுதவேண்டும்” என்றாள். எண்ணங்களைப் படமாக்கும் வழக்கம் மிகப் பழையது. ‘மைண்ட் மேப்’ என்னும் பெயரோடு இதை இக்காலத்தில் பரப்பியவர் டோனி புசான் என்னும் ஆங்கிலேயர், 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் இதை விளக்கினார். மாணவர்க்கென்று வந்த முறையை நான் பாட்டனாரைத் தேடப் பயன்படுத்தினேன்.

செய்முறை எளிது. ஒரு பெரிய தாளை அகலவாட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். நடுவில் முன்னோர் பெயரை எழுதுவதைவிட, விடை தெரியவேண்டிய கேள்வியை எழுதுவது நல்லது. ‘1902-இல் போனவர் யார்?’ என்று எழுதினேன். அதைச் சுற்றிப் பெயர், தந்தை, ஊர், வயது, நிலம், வாய்மொழி என்று ஆறு கிளைகள். கிளைக்குக் கிளை ஓரிரு சொற்கள் போதும்; கதை எழுதத் தொடங்கினால் படம் கெட்டுவிடும். மையில் மட்டும் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்த ஆவணத்திலிருந்து வந்தது கறுப்பு மை. காதால் கேட்டது நீலம். என் ஊகம் சிவப்பு. எழுதி முடித்துத் தாளைத் தூர வைத்துப் பார்த்தேன். கறுப்பு மிகக் குறைவு. ‘எழுத்தரின் பிழை’ என்று நான் எழுதியிருந்தது நல்ல சிவப்பு. கறுப்பில் இருந்த தந்தை பெயரை அந்தச் சிவப்புதான் மறைத்துக்கொண்டிருந்தது.

வாய்மொழிக் கிளையில் முதலில் நான்கு சிறு கிளைகள் இருந்தன. கப்பல் தாத்தாவைப் பற்றி என் உறவினர் நால்வர் தனித்தனியே ஒரே கதையைச் சொன்னார்கள். நான்கு சாட்சிகள்! ஆனால் ஒவ்வொருவரையும், “நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?” என்று கேட்டுக் கோடு இழுத்தேன். நான்கு கோடுகளும் காலஞ்சென்ற எங்கள் அத்தையிடம் போய் நின்றன. நான்கு சாட்சிகள் ஒரு சாட்சியாயினர். இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் நான் கண்டிருக்கமாட்டேன்.

அத்தை சொன்னது என்ன? நால்வரையும் அவருடைய சொற்களையே நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னேன். “தாத்தாவுக்கு அண்ணன் முறை. கப்பலேறிப் போனார்.” இவ்வளவுதான். பெயரை அத்தை எப்போதும் சொன்னதில்லை. சொல்லியிருக்கவும் முடியாது, மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பது அக்கால வழக்கம். பேரனுக்குப் பாட்டன் பெயரையே வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். வைத்த பெயரை வீட்டுப் பெண்கள் சொல்ல இயலாதாகையால் பிள்ளைக்கு வீட்டுப் பெயர் ஒன்று தனியே வழங்கும். ஆகவே கப்பல் தாத்தாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அது மட்டுமா? தமிழில் பெரியப்பா மகனும் அண்ணன்தான். அத்தை சரியாகவே சொல்லியிருக்கிறார். நாங்கள் கூடப் பிறந்த அண்ணன் என்று கேட்டுக்கொண்டோம்.

இப்போது படத்தில் ஒரு புதுக் கோடு பிறந்தது. ஒரே பாட்டனாருக்கு இரண்டு மகன்கள். இருவரும் தத்தம் மூத்த பிள்ளைக்குத் தந்தையின் பெயரை வைத்திருந்தால், ஒரே பெயரில் ஒரே வயதையொத்த இருவர் இருப்பார்கள். இதையும் சிவப்பில்தான் எழுதினேன்.

விடை என் சிற்றப்பா மகன் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. 1906-ஆம் ஆண்டில் என் பாட்டனாரும் அவர் அண்ணனும் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் கைநாட்டு வைத்திருக்கிறார். நேட்டாலில் ஒப்பந்தம் ஐந்தாண்டு. 1902-இல் போனவர் 1906-இல் எங்கள் ஊரில் கைநாட்டு வைத்திருக்க முடியாது. பத்திரத்தில் நிலங்களுக்கு எல்லை சொல்லும் செக்குபந்திப் பகுதி வருமல்லவா? நாம் பெரும்பாலும் படிக்காமல் விட்டுவிடும் பகுதி அது. அங்கே கிழக்கெல்லையாக இன்னார் மகன் இன்னார் நிலம் என்று எழுதியிருந்தது. மகன் பெயர், எங்கள் பெரிய பாட்டனாரின் பெயரே. தந்தை பெயர், டர்பன் பதிவிலிருந்த பெயர். எழுத்தர் பிழை செய்யவில்லை. கைநாட்டு வைத்த அண்ணனோ சில ஆண்டுகளில் மக்கட்பேறின்றி இறந்தவர் என்பது 1921-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றால் தெரிந்தது. இறந்தவரும் போனவரும் எங்கள் நினைவில் ஒருவராகிவிட்டார்கள்.

இத்தகைய மயக்கம் வேறு வழிகளிலும் வரும். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் புதூரும் புத்தூரும் ஒன்றாகிவிடும். ஆகையால் ஊர்க் கிளையில் ஒலிக்கக்கூடிய வகைகளையெல்லாம் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரவேண்டும். பழைய ஜாதகத்தில் ‘விக்கிரம வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1820-ஆ, 1880-ஆ, 1940-ஆ? அறுபதாண்டு வட்டத்தில் பெயர் திரும்பிவரும். பாட்டனும் பேரனும் ஒரே பெயரினராக இருந்துவிட்டால் தொல்லைதான். அறுபதாண்டு கழித்துச் சனியும் வியாழனும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன. ஆகவே கட்டத்தில் அவற்றைப் பார்த்துப் பயனில்லை. இராகு மட்டும் இரண்டு மூன்று இராசி விலகி நிற்கும். ஜாதகத்தில் நம்பிக்கையில்லாதவர்களுக்கும் இராகு இந்த ஒரு வகையில் உதவுவார்!

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்து நகல்கள் ஆகியவற்றையும் கிளைகளின் நுனியில் குறித்துக்கொள்ளலாம். அடுத்து எங்கே போகவேண்டும் என்பது தெரியும். கறுப்பில் உறுதிப்பட்டவற்றை மட்டும் எடுத்து மரமாக வரைந்துகொள்ளலாம். படம் எதையும் மெய்ப்பிக்காது. மெய்ப்பிக்கப்படாதது எது என்பதை மட்டும் கண்முன் வைக்கும்.

அப்படி என் கண்முன் வந்து நின்றது நிலக் கிளை. ‘பங்கை விற்றுப் போனார்’ என்பது நீல மை. ஆனால் 1902-இல் போனவருடைய நிலம் 1906-ஆம் ஆண்டு எல்லையில் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. 1921-ஆம் ஆண்டுப் பத்திரத்திலோ அதே புல எண், எங்கள் வீட்டார் அனுபவத்தில் உள்ளதாக வருகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். இடைப்பட்ட காலத்தில் விற்பனை எதுவும் பதிவாகவில்லை. நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு அக்காலத்தில் பதிவு கட்டாயமில்லை. ஆகையால் விற்கவேயில்லை என்று துணிந்து சொல்லவும் முடியாது. சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இதை டர்பனுக்கு எழுதலாமா? உறவினர் கூடிப் பேசினார்கள். “உறவு என்று எழுது, போதும், நிலத்தை ஏன் இழுக்கிறாய்? நாளைக்கு வழக்கு என்று வந்து நிற்பார்கள்” என்றார்கள். நூறாண்டு கடந்த பின் வழக்குக்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். படத்தில் ஒரு கிளையை வெட்டிவிட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்று மையோடும் அப்படியே படியெடுத்து அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து மறுமொழி வந்தது. என் படத்தையே பெரிதாக்கி, அம்மையார் பச்சை மையில் ஒரு பக்கம் முழுவதும் நிரப்பியிருந்தார். எங்கள் கப்பல் தாத்தாவின் மனைவி வேறொரு கப்பலில், வேறொரு மாவட்டத்திலிருந்து, வேறோர் எண்ணோடு வந்தவராம். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். இடது முழங்காலில் தழும்பு என்று பதிவில் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று உங்கள் வீட்டில் யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. நிலத்தைப் பற்றி ஒரே வரிதான்: புல எண் என்ன என்று சொன்னால் படத்தில் எழுதிக்கொள்வேன் என்று. எழுதி அனுப்பிவிட்டேன். அந்த நிலத்தில் இப்போது என் சிற்றப்பா மகன் வாழை வைத்திருக்கிறான். அவனுக்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை; தகரப் பெட்டியைப் பூட்டிவைத்துக்கொண்டான்.