365-ம் பக்கத்துக்கு ஒரே தாவல்!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. ஏறினால் புண்ணியம் என்பார்கள்.

ஆனால், கம்ப்யூட்டரில் 365 பக்கத்தையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பதில் புண்ணியம் ஏதும் இல்லை. கை வலிதான் மிச்சம்!

சென்னையில் இருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டினால் கனகம்மாசத்திரம். இதைப் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அரசு வேலை என்றதும் நினைவுக்கு வருவது டைப்ரைட்டிங். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் அடிக்க வேண்டும். அரசுத் தட்டச்சர் வேலைக்குக் கம்ப்யூட்டர் சான்றிதழும் கேட்கிறார்கள்.

விரல்கள் பறக்கின்றன. ஆனால் பிழை திருத்த உட்கார்ந்ததும், கை மவுசைத் தேடிப் போகிறது. புலி ஆமையாகி விடுகிறது!

நிலமே மாறிவிடும்

பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. பக்கங்கள் பல. சர்வே எண் பத்து இடங்களில் வருகிறது. ஓர் இலக்கம் தவறிவிட்டது. ஒன்பது இடத்தில் திருத்தி, ஓர் இடத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அண்ணன் தம்பிக்குள் வழக்குதான்!

கண்ணை நம்பித் தேடக் கூடாது. எம்.எஸ். வேர்டில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எப் தட்டுங்கள். சர்வே எண்ணை அடியுங்கள். அது எங்கெங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரே காட்டும்.

தலைப்புக்குப் போக வேண்டுமா? கண்ட்ரோலுடன் ஹோம். கடைசி வரிக்கு? கண்ட்ரோலுடன் எண்டு. 94-ம் பக்கம் வேண்டுமானால், கண்ட்ரோலுடன் ஜி. பிறகு 94 என்று அடித்து எண்டர். அவ்வளவுதான்! (சில லேப்டாப்களில் ஹோம், எண்டுக்கு எப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.)

பலருக்குத் தெரியாத விசை ஒன்று உண்டு. ஷிப்டுடன் எப் 5. நேற்று பாதியில் மூடிய பத்திரத்தை இன்று திறந்ததும் இதைத் தட்டினால், விட்ட இடத்திலேயே கொண்டு போய் நிறுத்தும். புத்தகத்தில் மயில் இறகு வைத்தது மாதிரி!

இது புதிய வித்தை அல்ல. 1978-ல் அமெரிக்காவில் வேர்டுஸ்டார் என்ற எழுத்து வேலை மென்பொருள் வந்தது. மவுஸ் பரவாத காலம். பல விசைப்பலகைகளில் அம்புக்குறி விசைகூட இல்லை. ஆகவே, கண்ட்ரோலுடன் இ தட்டினால் மேலே, எக்ஸ் தட்டினால் கீழே, எஸ் என்றால் இடது, டி என்றால் வலது என்று வைத்தார்கள். கண்ட்ரோலுடன் கியூ தட்டி, பிறகு ஆர் தட்டினால் முதல் வரி. சி தட்டினால் கடைசி வரி. எழுத்து வரிசையை விட்டுக் கை நகரவே தேவையில்லை. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு அது கொண்டாட்டம்தான்.

தமிழில் ஒரு சிக்கல்

பெயர் எதிரே தெரிகிறது. தேடினால் "இல்லை" என்கிறது கம்ப்யூட்டர். ஏன்?

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். வெளியே தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள்! தமிழக அரசு 2010-ல் யூனிகோடு முறையை ஏற்றது. ஆனாலும் பழைய பைல்கள் அப்படியேதான் கிடக்கின்றன.

சோதிப்பது எளிது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமன் என்று மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பழையது. சோதித்ததும் மறுபடி பழையபடி மாற்றிவிடுங்கள்.

யூனிகோடுக்கு மாற்றித் தேடுவதே நல்லது. அவசரம் என்றால், அந்தப் பைலை அடித்த அதே விசை முறையில் பெயரைத் தேடும் கட்டத்தில் அடியுங்கள். கட்டத்தில் தெரிவது ஆங்கிலக் குளறுபடியாக இருக்கும். பயப்பட வேண்டாம். எண்டர் தட்டினால் பெயர் அகப்பட்டுவிடும்!